நாளைக்கு இருக்கிற அம்மம்மா

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்துச் சிரித்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம். நாலு வயது மகள் எல்லாருக்கும் வாய்க்கு வாய் பதில் சொல்கிறாள். திருகோணமலையில் இருக்கும் அம்மாவோ “பிள்ளை அங்க போய்ப் பழுதாப் போச்சு” என்கிறார். கண்டிப்பதா விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். நானும் உப்புவெளிக்காரிதான். இங்கே வந்து பதினொரு வருடம். என் மகளுக்கு இப்போது ஏழு வயது. அவள் நாலு வயதில் பேசிய பேச்சுக்கு உங்கள் மகள் எவ்வளவோ சாது.

முதலில் இந்த ‘நீ, நீங்கள்’ விஷயம். ஊரில் பிள்ளை நாலு வீட்டுப் பேச்சைக் கேட்டு மரியாதையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். இங்கே அடுக்குமாடிக்குள் அவள் கேட்கிற தமிழ் நாங்கள் அவளோடு கதைப்பது மட்டும்தான். நாங்களும் “நீ சாப்பிடு, நீ படு” என்றே வளர்த்துவிட்டோம். முதல்முறை ஊருக்குப் போனபோது, அயலட்டைச் சனமெல்லாம் விறாந்தையில் இருக்க, என் அப்பாவைப் பார்த்து, “அம்மப்பா, நீ உன்ர பல்லைக் கழட்டு, நான் எண்ணோணும்” என்றாள். எனக்கு எங்கே போய் ஒளிவதென்று தெரியவில்லை. அப்பா மறுபேச்சில்லாமல் மேல் செற்றைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, “பதினாலு. வடிவா மினுக்கியிருக்கிறாய்” என்று பாராட்டு வேறு.

அது வாய்க்கொழுப்பு இல்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்த தமிழ். அன்றிரவே நானும் என் கணவரும் அவளுக்கே “வாங்கோ, சாப்பிடுங்கோ” என்று மாறினோம். எங்கள் பெரியவர்கள் எங்களோடு அப்படித்தானே கதைத்தார்கள்? ஒரு கிழமையில் அவளும் மாறிவிட்டாள், கொஞ்சம் கூடுதலாகவே. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரியுமே, அதில் ஒரு கொம்பன் எங்கள் அர்ச்சனைத் தட்டை மோப்பம் பிடித்து வந்தது. “மான், தள்ளி நில்லுங்கோ. இது சாமிக்கு” என்றாள். பக்கத்தில் ஒரு மாமி அதற்குக் கச்சான் நீட்ட, உடனே அங்கே பாய்ந்தாள்: “அவருக்கு அலர்ஜி இருக்கோ எண்டு அவற்ற அம்மாட்டக் கேட்டனீங்களோ?” இங்கே பள்ளிக்கூடத்தில் கச்சானுக்குத் தடை என்பதை அந்த மாமிக்கு விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. மேலே போனால், தாய்க்காக மலையைப் பெயர்க்கப் பார்த்த இராவணன் வாளால் வெட்டிய பிளவு இது என்று அப்பா இராவணன் வெட்டைக் காட்டினார். “அவற்ற அம்மா பேசேல்லையோ?” என்று கேட்டாள். கதை அதோடு நின்றது.

ஆகவே கேள்வி கேட்கிற வாயை அடைக்காதீர்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்க வேண்டாம். மாமியார் வந்து நின்ற காலத்தில், நித்திரை எப்படி என்று வைத்தியர் கேட்டார். நான் வாய் திறக்க முன் இவள் ஆங்கிலத்தில், “அப்பம்மா குறட்டை விடுவா, அம்மா ஒவ்வொரு நாளும் அப்பாட்டச் சொல்றவ” என்றாள். மாமியாருக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் உங்கள் அம்மா. நீங்கள் இடையில் நின்று பதில் சொல்லாமல் போனைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். குளிர்காலத்தில் இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே அடுத்த நாள் காலை ஏழு மணி. என் மகள் ஐந்து வயதில் இதைக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் இரவு ஸ்னோ கொட்டப் போகிறது என்று செய்தியில் சொல்ல, அம்மாவை அழைத்து, “அம்மம்மா, நீங்கள் நாளைக்குத்தானே இருக்கிறீங்கள்? என்ர ஸ்கூல் பஸ் ஓடுதோ?” என்றாள்.

அம்மா முற்றத்தை எட்டிப் பார்த்தார். “நல்ல வெயில் குஞ்சு, ஓடும்.”

விடிய பஸ் ஓடவில்லை. இரண்டு நாள் அம்மம்மாவோடு கோபம். இப்போது அம்மா தன் போனில் ரொறன்ரோ வானிலையைப் போட்டு வைத்திருக்கிறார்.