கயிற்றின் இழுவிசை ஏன் எடையில் பாதியாக இல்லை?

குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே கட்டிய கயிற்றின் நடுவில் 20 கிலோ பச்சைத் தேயிலை மூட்டை தொங்குவதாகவும், கயிற்றின் இருபுறமும் கிடைமட்டத்தோடு 10 பாகை சாய்ந்திருப்பதாகவும், நீங்கள் 98 நியூட்டன் என்று எழுதிய இழுவிசைக்கு விடைக்குறிப்பில் 564 என்று இருப்பதாகவும் கேட்டிருந்தீர்கள்.

விடைக்குறிப்பு சரிதான். மூட்டையின் எடை 20 × 9.8 = 196 நியூட்டன்; அதை இரண்டாகப் பகுத்ததிலும் தவறில்லை. ஆனால் அந்த 98 நியூட்டன் இழுவிசையின் செங்குத்துக் கூறு மட்டுமே. மூட்டை தொங்கும் முடிச்சை மட்டும் தனியே வரைந்து, அதில் செயல்படும் மூன்று விசைகளையும் அம்புக்குறிகளாகக் குறித்துப் பாருங்கள். இழுவிசையை T என்று கொண்டால் T சைன் 10° = 98; சைன் 10° ஏறத்தாழ 0.1736 என்பதால் T = 564 நியூட்டன். கிடைமட்டக் கூறுகள் முடிச்சில் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டாலும், மரங்களை உள்நோக்கி இழுப்பவை அவையே.

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டி, ஈரக் கம்பளியைப் போட்டதும் சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கயிறு விறைப்பாக இருக்க இருக்கக் கோணம் குறைந்து இழுவிசை கூடும். உங்கள் கணக்கிலேயே கோணம் 30 பாகையானால் இழுவிசை 196 நியூட்டன்தான். 5 பாகையானால் ஏறத்தாழ 1124 ஆகிவிடும்.

இரு கோணங்களும் வேறுபட்டால் இழுவிசைகளும் வேறுபடும். அப்போது கிடைமட்டச் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்.