புனித வாரத்தில் மோட்டார்ஹோமில் ஸ்பெயினும் போர்ச்சுகலும்: கேள்வி பதில்

குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டர் வரை செவில்லா, மாலகா, லிஸ்பன், பிராகா எல்லாம் பார்த்துவிடலாமா?

வண்டி ஓட்டி முடித்துவிடலாம், பார்க்க முடியாது. அந்த வாரம் ஸ்பெயினே விடுமுறையில் ரோட்டில் இருக்கும். ஸ்பெயினில் ஒரு ஊர், போர்ச்சுகலில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது, பெரிய வெள்ளி வரை செவில்லா, ஈஸ்டருக்குப் போர்ச்சுகலின் தென்கோடி அல்கார்வேயில் சாவ் பிராஸ் டி அல்போர்டெல். அங்கே ஈஸ்டர் காலையில் தெருவெல்லாம் பூ விரித்து, தீவட்டி போலக் கட்டிய பூக்களைக் கையில் ஏந்தி ஆண்கள் அல்லேலூயா முழங்கிப் போவார்கள். போர்ச்சுகலின் வடக்கே இருக்கும் பிராகாவை இன்னொரு வருடத்துக்கு வையுங்கள்.

செவில்லாவில் வண்டியை எங்கே நிறுத்துவது?

ஊருக்குள் கொண்டுபோகவே வேண்டாம், பழைய நகரத் தெருக்களை அடைத்திருப்பார்கள். பக்கத்து ஊரான டோஸ் எர்மானாஸ் பக்கம் நிறுத்திவிட்டு 'செர்கானியாஸ்' என்ற புறநகர் ரயிலில் போங்கள். இடத்தை மாதங்களுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

அங்கே எதைத் தவறவிடக் கூடாது?

பெரிய வியாழன் இரவு தொடங்கி வெள்ளி விடியும் வரை நடக்கும் 'மத்ருகா' ஊர்வலங்கள். மகரேனா, திரியானா மாதா சிலைகளும் கிரான் போதேர் இயேசு சிலையும் வருவது அன்றுதான். நம் சப்பரம் போலத்தான், ஆனால் தூக்குகிறவர்கள் வெளியே தெரியமாட்டார்கள். துணிக்கு அடியில் நின்று பிடரியில் தாங்குவார்கள். முன்னால் நிற்கும் தலைவர் உலோகத் தட்டியைத் தட்டியதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழும்ப, சப்பரம் துள்ளி நிற்கும். மாடத்திலிருந்து யாராவது 'சயேத்தா' என்ற பக்திப் பாட்டைப் பாடத் தொடங்கினால் கூட்டம் அப்படியே அடங்கிவிடும். அப்போது பேசாதீர்கள்.

ஊர்வலத்தில் வருகிறவர்களின் கூம்புத் தொப்பி முகமூடியைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவார்களே?

தவம் செய்கிறவர் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக அணிவது என்று முன்பே சொல்லிவையுங்கள். இதே போல் முகமூடி போட்ட கூ கிளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க இனவெறிக் கும்பலோடு இதற்குச் சம்பந்தமில்லை, இந்த வழக்கம் அதைவிட மிகப் பழையது. செவில்லாப் பிள்ளைகள் அவர்களிடமே போய் மெழுகுவர்த்தியைச் சாய்க்கச் சொல்லி, சொட்டும் மெழுகை உருண்டையாகச் சேர்ப்பார்கள். வருடா வருடம் அதே உருண்டை பெரிதாகும். உங்கள் பிள்ளையும் கேட்கட்டும், பயம் தானாகப் போய்விடும்.

வழியில் எங்கு வேண்டுமானாலும் இரவு தங்கலாமா?

ஸ்பெயினில் முறையாக நிறுத்திய வண்டிக்குள் தூங்கலாம். வெளியே நாற்காலி போட்டாலோ வெயில் துணியை விரித்தாலோ அது முகாம் கணக்கு, அபராதம் வரும். ஊராட்சிப் பலகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் 2021-க்குப் பிறகு கறார். அனுமதித்த இடங்களுக்கு வெளியே ஒரே நகராட்சியில் 48 மணி நேரம்தான். 'நாத்துரா 2000' என்ற ஐரோப்பிய இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் அதுவும் கிடையாது. கடற்கரை ஓரம் ஆசைப்படாதீர்கள்.

சுங்கம்?

நான் சொன்ன வழியில் கவலையில்லை. அல்கார்வேயின் ஏ22 சாலையில் 2025 ஜனவரி 1 முதல் சுங்கம் இல்லை. போர்ச்சுகலின் மற்ற பகுதிகளுக்குப் போனால் ஆளில்லாத மின்னணுச் சுங்கங்கள் உண்டு, எப்படிக் கட்டுவது என்று முன்பே பார்த்துவையுங்கள்.

நாங்கள் சைவம். சமாளிக்கலாமா?

தாராளமாக. செவில்லாவில் பசலைக் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ்' கேளுங்கள். 'பொத்தாஹே தே விஹிலியா' என்றால் அதே கீரையும் கடலையும்தான், ஆனால் காட் மீன் இருக்கும், கவனம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பாலில் ஊறிய ரொட்டியைப் பொரித்த 'தொர்ரிஹா'வை விடாதீர்கள். வியாழனும் வெள்ளியும் கடைகள் மூடியிருக்கலாம். மளிகை, கேஸ் எல்லாம் புதனன்றே முடித்துவிடுங்கள்.

2027-இல் போகிறோம். தேதி?

ஈஸ்டர் மார்ச் 28. அன்று அதிகாலைதான் இரண்டு நாட்டிலும் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். போர்ச்சுகல் வேறு ஸ்பெயினைவிட ஒரு மணி பின்னே. பூ ஊர்வலத்துக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

மழை வந்தால்?

ஊர்வலம் புறப்படாது. பழைய சிற்பங்கள் நனையக் கூடாது என்று ஊர்வலம் நடத்தும் சபையினர் கடைசி நேரத்தில் முடிவெடுப்பார்கள். அதனால் ஊர்வலம் புறப்படும் நாளன்று காலையிலேயே கோவிலுக்குள் போய்ச் சப்பரத்தைக் கிட்ட நின்று பார்த்துவிடுங்கள். வெள்ளி வேலைப்பாடும் மாதாவின் கண்ணாடிக் கண்ணீரும் தெருக்கூட்டத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.