கதவைச் சாத்தியது யார்?

கேள்வி: திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலை ஏழரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மகன் ஒன்பதாவது, மகள் ஐந்தாவது படிக்கிறார்கள். ஞாயிறு மதியம் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் காய் நறுக்கி, தேங்காய் துருவி, இஞ்சி பூண்டு அரைத்து, மாவாட்டி ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுகிறேன். சின்ன வெங்காயம் 1 கிலோ உரிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நெடி ஹாலுக்குப் போகக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் உரிப்பேன். இத்தனை செய்தும் புதன்கிழமைக்குள் காய் கொழகொழத்துப் போகிறது. வியாழன் ராத்திரி ஹோட்டல் பார்சல்தான். "பழசைப் போட்டு ஒப்பேத்துறா" என்கிறார் மாமியார். கணவர் தங்கமானவர், எதுவும் சொல்ல மாட்டார். இன்னும் திட்டமாகச் செய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: காய் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அந்தக் கதவை ஏன் சாத்தினீர்கள்?

ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன். தங்கமான கணவர் சோபாவில் இருக்கிறார், பதினாலு வயசுப் பையன் போனோடு இருக்கிறான், மாமியார் டிவி முன்னால். அவர்கள் கண் எரியக் கூடாது என்று காற்றில்லாத அடுக்களைக்குள் உங்கள் கண்ணை எரித்துக்கொள்கிறீர்கள். அதையும் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டு, எனக்குக் கோபம் வராது என்று நினைத்துவிட்டீர்கள். எதுவும் சொல்லாமல் இருப்பதற்குத் தங்கப் பட்டமா? என்ன சொல்ல இருக்கிறது அவருக்கு? தட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறதே.

எங்கள் வீட்டில் தை மாதம் மொச்சை வந்தால் ராத்திரியே உரித்து ஊறப்போட்டு, விடிந்ததும் கூடத்தில் அண்டாவை வைத்துவிடுவார் பாட்டி. பிதுக்குப் பருப்புக்கு ஒரு ஆள் கை போதாது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் தோல் வழுக்கும், பருப்பு துள்ளி எதிரில் இருப்பவர் மடியில் போய் விழும். அப்பா ரேடியோவில் செய்தி கேட்டபடி பிதுக்குவார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர்கூட ஒரு நாள் உட்கார்ந்து பிதுக்கிவிட்டுப் போனார். யாரும் அதை 'உதவி' என்று சொல்லிக் கேட்டதில்லை. சாப்பிடுகிற வாய்க்கெல்லாம் அந்த வேலையில் பங்கு உண்டு. 'மனைவிக்கு உதவி செய்கிறேன்' என்று ஒரு ஆண்பிள்ளை சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

உங்கள் மேலும் வருத்தம்தான். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வேலை வாங்கத் தெரிந்தவருக்கு வீட்டில் ஒருத்தனை வாங்கத் தெரியவில்லையா? "அவனுக்குச் செய்யத் தெரியாது, நானே செய்தால் சீக்கிரம் முடியும்" என்பீர்கள். எத்தனையோ அம்மாக்கள் எழுதிவிட்டார்கள் இதை. நாளைக்கு அவன் வீட்டுக்கு வரப்போகிறவளும் கதவைச் சாத்திக்கொண்டு உரிப்பாள்.

இனி காய். ஏழு நாளைக்குச் சேர்த்து நறுக்குவதுதான் தப்பு. ஞாயிறு செய்வது புதன் காலை வரைக்கும் போதும். மீதியைப் புதன் ராத்திரி அரை மணி நேரத்தில் முடிக்கலாம், நாலு பேர் உட்கார்ந்தால். நறுக்கிய பிறகு கழுவி ஈரத்தோடு மூடியிருப்பீர்கள், கொழகொழப்பு அதனால்தான். முதலில் கழுவி, துணியில் பரப்பி நன்றாக உலர்ந்த பிறகு நறுக்குங்கள். டப்பாவுக்குள் ஒரு துணியை மடித்துப் போட்டுவிடுங்கள். பீன்ஸ், கேரட், கோஸ் தாங்கும். கத்தரிக்காய், வாழைக்காய், உருளை எல்லாம் அன்றன்றைக்கு நறுக்கினால்தான் உண்டு. கீரையை ஆய்ந்து கழுவாமல் துணியில் சுற்றி வையுங்கள், அரிவது அடுப்பு பற்ற வைத்த பிறகு.

காயைவிட நேரத்தைத் தின்பது வேறு சில வேலைகள். புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, உப்பு மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்து ஆற வைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். தேங்காய்த் துருவலை ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃபிரீசரில் போடுங்கள். கொண்டைக்கடலையைச் சனி ராத்திரி ஊறப்போட்டு, வேகவைத்து அதையும் அப்படியே. சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டுவிட்டு உரித்தால் தோல் லேசாக வரும், கண்ணும் அவ்வளவு எரியாது. ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, அதையும் திறந்து வைக்கலாம்.

மாமியார் 'பழசு' என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. ஞாயிறு நறுக்கிய வெண்டைக்காய் வியாழக்கிழமை பழசுதான். ஆனால் முன்கூட்டிச் செய்து வைப்பதே பழசு என்றால், அவர் காலத்தில் சித்திரை வெயிலில் வெங்காயமும் உளுந்தும் கடுகும் வெந்தயமும் இடித்து, உருட்டிக் காயவைத்து வருஷம் முழுக்கக் கிள்ளிக் கிள்ளித் தாளித்தார்களே, அந்த வடகம் என்ன? கேட்டுப் பாருங்கள், சண்டையாக அல்ல. உங்கள் பக்கத்தில் அநேகமாக அவருக்குப் போடத் தெரிந்திருக்கும். வரும் சித்திரையில் அவரையே தலைமை ஏற்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொள்ளலாம். வாரநாளில் குழம்பு தாளிக்கும்போது ஒரு கிள்ளு வடகம் போட்டால், அன்றைக்கு வெங்காயம் உரிக்கிற வேலையே இல்லை.

இந்த ஞாயிறு முறத்தையும் 1 கிலோ வெங்காயத்தையும் ஹாலில், டிவிக்கு முன்னால் வையுங்கள். நீங்கள் ஒரு பங்குக்கு மேல் உரிக்காதீர்கள். மகன் தோலோடு பாதி வெங்காயத்தையும் சீவி எறிவான், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருங்கள். அடுத்த மாதம் மறுபடி எழுதுங்கள். எத்தனை வெங்காயத்தைப் பாழாக்கினான், தங்கமானவர் எத்தனை உரித்தார் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்.