ரோமில் உள்ளூர்க்காரர்கள் போகும் திராத்தோரியாவில் எப்படி ஆர்டர் செய்வது? சைவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கும்?

திராத்தோரியா என்பது ரோமின் குடியிருப்புத் தெருக்களில் இருக்கும் சாதாரண உணவகம். பெரும்பாலும் ஒரே குடும்பம் நடத்தும். எப்போது போவது, எதை எப்படிக் கேட்பது, பில்லில் என்னென்ன சேரும், கறி மீன் தொடாதவர் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கடைசிக் கேள்விக்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

மதியச் சாப்பாடு 12.30 முதல் சுமார் 2.30 வரை. இரவு 7.30 அல்லது 8 மணிக்குத் திறந்து 11 வரை ஓடும். நடுவில் அடுப்பு அணைந்திருக்கும், கதவும் சாத்தியிருக்கும். மாலை 5 மணிக்குப் பசித்தால் பிட்சா அல் தாலியோ விற்கும் கடைக்குப் போங்கள். தட்டில் சுட்ட பிட்சாவைக் கேட்ட அளவுக்கு வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். இரவில் முன்பதிவு இல்லாவிட்டால் திறந்தவுடன் போய் நிற்பதே நல்லது, 8.30க்கு மேல் மேசை கிடைப்பது கஷ்டம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் பல கடைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் ஆள், படம் போட்ட மெனு, மதியம் முதல் நள்ளிரவு வரை ஓயாத சமையல், இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் அடுத்த தெருவுக்கு நடங்கள். தெஸ்தாச்சோ, கார்பத்தெல்லா, சான் ஜொவான்னி போன்ற பகுதிகளில் அந்தத் தொல்லை குறைவு.

மெனு ஐந்து பகுதியாக இருக்கும். அந்திபாஸ்தி முதலில் கொறிக்க, பிரீமி என்றால் பாஸ்தாவும் சூப்பும், செகோந்தி என்றால் கறி மீன், கொந்தோர்னி காய்கறி, தோல்சி இனிப்பு. எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் ஒரு காய்கறி என்றாலே மரியாதையான சாப்பாடு. ஆனால் கூட்ட நேரத்தில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு பாஸ்தா வாங்கினால் முகம் சுளிப்பார்கள். எல்லாவற்றையும் நடுவில் வைத்து எடுத்துச் சாப்பிடும் நம் பழக்கம் அந்திபாஸ்திக்கும் கொந்தோர்னிக்கும் சரிப்படும். 'தா திவிதெரே' என்று சொன்னால் காலித் தட்டுகளும் கொண்டுவருவார்கள். பாஸ்தாவைப் பகிர்வது அவ்வளவு நன்றாக வராது, கை மாறுவதற்குள் ஆறிவிடும். இன்னொன்று: காய்கறி தானாகப் பாஸ்தாவோடு வராது, அதற்கு அடுத்த சுற்றில்தான் வரும். சேர்த்து வேண்டுமென்றால் 'இன்சியெமே' என்று ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

ரோமின் நான்கு பாஸ்தாக்களும் ஒரே குடும்பம். பன்றித் தாடைக் கொழுப்பான குவான்சாலே, செம்மறிப் பாலில் செய்யும் பெக்கொரினோ ரொமானோ சீஸ், மிளகு, இவை சேர்ந்தது கிரிச்சா. அதில் தக்காளி சேர்த்தால் அமாத்ரிச்சானா. 2016 நிலநடுக்கத்தில் இடிந்துபோன அமாத்ரிச்சே ஊரின் பெயர் அது. தக்காளிக்குப் பதில் முட்டை சேர்த்தால் கார்பொனாரா. கிரிச்சாவிலிருந்து குவான்சாலேயை எடுத்துவிட்டால் காச்சோ எ பேப்பே. கார்பொனாராவில் பால் ஏடு கிடையாது. வெந்த பாஸ்தாவின் சூட்டில்தான் முட்டை கெட்டியாகிறது. அதிகம் சுட்டால் முட்டைப் பொரியல், குறைந்தால் வழவழ தண்ணீர்.

காச்சோ எ பேப்பேயில் இருப்பது மூன்றே பொருள், ஆனால் சமையலறையின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது இதுதான். சூடு ஏறினால் சீஸின் புரதம் திரண்டு ரப்பர் உருண்டையாகிவிடும். தடுப்பது பாஸ்தா வெந்த நீரில் இருக்கும் மாவுச்சத்து. இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை அளந்தே பார்த்தார்கள். மாவுச்சத்து சீஸின் எடையில் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் சாஸ் திரிந்துவிடுகிறது, 2 முதல் 3 சதவீதம் இருந்தால் நிற்கிறது. அந்த ஆய்வுக்கு 2025இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. தட்டில் கட்டி கட்டியாக வந்தால் திருப்பி அனுப்பலாம், தப்பில்லை. வந்தவுடன் சாப்பிடுங்கள். புகைப்படம் எடுத்து முடிப்பதற்குள் நல்ல சாஸும் இறுகிவிடும். ரிகத்தோனி போன்ற தடித்த உலர் பாஸ்தா வேகவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்று நிமிடத்தில் மேசைக்கு வந்தால் அது முன்பே அரைவேக்காடாக எடுத்து வைத்தது.

வியாழன் ஞொக்கி (உருளைக்கிழங்கு மாவு உருண்டை), வெள்ளி மீன், சனி குடல் என்ற பழைய வாரக்கணக்கைப் பல கடைகள் இன்னும் வைத்திருக்கின்றன. தெஸ்தாச்சோவில் 1975 வரை நகரத்தின் இறைச்சிக்கூடம் இருந்ததால் வால், குடல், ஈரல் வகைகளுக்கு அந்தப் பகுதிதான் பேர்போனது.

இனி சைவம். 'வெஜெடேரியானோ' என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பரிமாறுபவர் பெரிய கறித்துண்டு இல்லாத எல்லாவற்றையும் காட்டக்கூடும். நெத்திலி மீன் அவர் கணக்கில் பெரும்பாலும் உப்புக்குச் சமம். எனவே பொருளின் பெயரைச் சொல்லி விலக்குங்கள்: 'சென்சா கார்னே, சென்சா குவான்சாலே, சென்சா அச்சூகே, சென்சா ப்ரோதோ தி கார்னே'. கறி, பன்றிக் கொழுப்பு, நெத்திலி, கறிச்சாறு நான்கும் வேண்டாம் என்று பொருள். முட்டை வேண்டாம் என்றால் 'சென்சா உவோவா'.

பார்த்தால் காய்கறி போலத் தெரிந்து ஏமாற்றுபவை நிறைய. பூசணிப்பூ பஜ்ஜிக்குள் மொட்சரெல்லாவோடு நெத்திலி இருக்கும். குளிர்காலத்தில் வரும் புந்தரெல்லே கீரை சாலட்டின் குழம்பே நெத்திலியும் பூண்டும் அரைத்ததுதான். சுப்ளி என்னும் அரிசி உருண்டையின் பழைய செய்முறையில் கறி சாஸ் உண்டு. இளவேனிலில் பட்டாணி, அவரை, ஆர்ட்டிசோக் என்னும் பூமொட்டுக் காய் சேர்த்துச் செய்யும் விஞ்ஞரோலாவில் பல வீடுகளில் குவான்சாலே போடுவார்கள். பீன்ஸ் பாஸ்தா, மினெஸ்த்ரோனே என்னும் காய்கறி சூப் இரண்டிலும் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும்.

சீஸ் இன்னும் நுட்பமான சிக்கல். பெக்கொரினோ ரொமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். பர்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் ரென்னெட். இரண்டும் அந்தச் சீஸ்களுக்கான விதியிலேயே எழுதியிருப்பவை, எனவே சமையல்காரர் மாற்ற முடியாது. இதைப் பொருட்படுத்துபவர் காச்சோ எ பேப்பேயையும் விட்டுவிட வேண்டியதுதான். தியராமிசு என்னும் இனிப்பில் போடும் மஸ்கர்போனே சீஸ் அமிலத்தால் திரிவது, அதில் ரென்னெட் இல்லை. ஆனால் தியராமிசுவில் பச்சை முட்டை உண்டு. பன்னா கொத்தா என்னும் பால் ஏட்டு இனிப்பில் ஜெலட்டின், அதுவும் விலங்கிலிருந்து எடுப்பதுதான்.

அப்படியானால் என்ன சாப்பிடுவது? பென்னே அல் அர்ராபியாத்தா: தக்காளி, பூண்டு, மிளகாய். ரோம் ஊரின் சொந்தப் பண்டம். மேலே சீஸ் தூவ வேண்டாமென்றால் 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ'. காரம் நம் நாக்குக்கு ஒன்றுமே இல்லை, தாராளமாக இன்னும் கேளுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் பூண்டு, எண்ணெய், மிளகாய் மட்டும் போட்ட ஸ்பகெத்தியைக் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். பென்னே, ஸ்பகெத்தி, ரிகத்தோனி போன்ற உலர் பாஸ்தா ரவையும் தண்ணீரும்தான். ஃபெத்துச்சினே, தொன்னரெல்லியில் முட்டை இருக்கும். கொந்தோர்னியில் சிகோரியா ரிபஸ்ஸாத்தா, அதாவது கசப்புக்கீரையை வேகவைத்துப் பூண்டு மிளகாயோடு வதக்கியது, பாகற்காய் பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆர்ட்டிசோக் காலம். யூதர் முறையில் முழுசாகப் பொரித்தது ஒன்று, ரோம் முறையில் புதினா வகை மூலிகையும் பூண்டும் வைத்து மெல்ல வேகவைத்தது இன்னொன்று. இரண்டிலும் கறி இல்லை. பொரித்ததற்கு மட்டும் அதே எண்ணெயில் மீனும் பொரிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குறுக்குவழி: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை உணவகம் தந்தாக வேண்டும். 'அல்லெர்ஜெனி' பட்டியலைக் கேளுங்கள். மீன், முட்டை, பால் எந்த உணவில் இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும், ஒளிந்திருக்கும் நெத்திலியும் மாட்டும். பன்றியும் மாடும் ஒவ்வாமைப் பட்டியலில் கிடையாது, அவற்றை வாயால்தான் கேட்க வேண்டும். மாடும் பன்றியும் மட்டும் தவிர்ப்பவருக்கு ஆட்டுக்குட்டிக் கறியான அப்பாக்கியோவும், குடைமிளகாய் போட்ட கோழியும் இருக்கின்றன. கோழியில் பெரும்பாலும் வெள்ளை ஒயின் ஊற்றியிருப்பார்கள், சிலர் பன்றித் தொடைக்கறியும் சேர்ப்பார்கள்.

பில் கேட்காமல் வராது. 'இல் கோந்தோ' என்று கேட்கும் வரை உட்கார்ந்திருக்கலாம், விரட்ட மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு உண்டு. ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கோப்பேர்த்தோ என்னும் இருக்கைக் கட்டணம் வாங்கக்கூடாது. அதற்குப் பதிலாக ரொட்டிக்கு ஆளுக்கு ஓரிரு யூரோ போடுவார்கள். ரொட்டி வேண்டாம் என்றால் வைத்த உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சேவைக் கட்டணம் வாங்குவதென்றால் மெனுவில் எழுதியிருக்க வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவந்தால் போதும். 2022 ஜூன் 30 முதல் கார்டை மறுக்கும் கடைக்கு 30 யூரோவும் தொகையில் 4 சதவீதமும் அபராதம் என்று சட்டம் இருக்கிறது, எனவே 'மெஷின் கெட்டுப்போச்சு' என்றால் சட்டென்று நம்பாதீர்கள்.

பில் எகிறும் இடம் மீன். முழு மீனின் விலைக்குப் பக்கத்தில் 'அல்லெத்தோ' என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. 6 யூரோ என்று பார்த்து வாங்கிய மீன் 800 கிராம் இருந்தால் 48 யூரோ. சமைக்கும் முன் எடையைச் சொல்லச் சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி இருந்தால் உறையவைத்த சரக்கு. விளக்கம் மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.