சிற்பம் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாயின் கடிதத்திற்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கள் மகள் தில்லி கலைக் கல்லூரியில் சிற்பம் பயில விரும்புவதையும், பணம் கொடுப்பவர் சொன்னபடியெல்லாம் செய்துகொடுத்து அவள் மனம் நொந்துபோவாளோ என்று தாங்கள் அஞ்சுவதையும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. கல்லும் வெண்கலமும் விலை கூடியவை என்பதால் பெரிய பணி எதையும் முன்பணம் இல்லாமல் சிற்பி தொடங்க இயலாது; முன்பணம் தந்தவர் கருத்துச் சொல்லாமலும் இருக்கமாட்டார்.

காலமான ஒரு பெரியவரின் மார்பளவுச் சிலையைக் களிமண் நிலையில் பார்க்க அவர் குடும்பத்தார் இங்கே ஒரு சிற்பக்கூடத்திற்கு வந்தபோது நானும் உடனிருந்தேன். சிற்பி ஈரத்துணியை விலக்கியதும், "அப்பா இவ்வளவு கடுமையாக இருக்கமாட்டார், சிரிப்பதுபோல் செய்யுங்கள்" என்றார் மகன். பெரியவரின் மனைவியோ கீழுதட்டைச் சுட்டிக்காட்டி, "இங்கே இன்னும் கொஞ்சம் தடிப்பு" என்றார். சிற்பி ஒரு சிட்டிகை மண்ணை அப்பிக் கட்டைவிரலால் அழுத்தினார். அந்த அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மட்டும் சிற்பி பணிவாக மறுத்துவிட்டார். சாயலை அறிந்தவர்கள் வீட்டார். அதில் அவர்கள் சொல்லைக் கேட்பது கலைக்கு இழுக்கு அல்ல. முகத்தில் எந்த உணர்வு நிற்க வேண்டும் என்பதோ சிற்பியின் தீர்மானம். இந்த வேறுபாட்டை இளமையிலேயே உணர்ந்தவர்கள்தாம் இத்துறையில் நிலைத்திருக்கக் கண்டிருக்கிறேன்.

சட்டமும் சிற்பியைக் கைவிடவில்லை. தில்லியிலுள்ள அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனுக்காக 1957இல் அரசு பணித்ததன் பேரில் சிற்பி அமர்நாத் சேகல் உருவாக்கிய மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அவருடைய இசைவின்றி அரசுத் தரப்பினர் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், பகுதிகள் சிதைந்தன. பதிப்புரிமை அரசுக்கு மாற்றித் தரப்பட்டிருந்தும், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தன் படைப்பு சிதைக்கப்படாமல் காக்கப் படைத்தவருக்குத் தரும் சிறப்புரிமை அதனால் அழிவதில்லை என்று தில்லி உயர்நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்து, எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அதற்குள் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது என்பதுதான் வேதனை. ஆகவே வழக்கை நம்புவதைவிட எழுத்தில் உடன்படுவதே மேல்: எத்தனை முறை திருத்தம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், களிமண் மாதிரிக்குக் கையெழுத்திட்ட பிறகு கேட்கும் மாற்றத்திற்குத் தனிக்கூலி, நிறுவிய பின் இடம் மாற்ற நேர்ந்தால் சிற்பிக்கு முன்னறிவிப்பு. இவற்றைக் கல்லூரிப் பாடத்தோடு சேர்த்தே மகள் கற்கட்டும்.

முதல் சில ஆண்டுகளில் பள்ளியில் கலை கற்பிப்பதையோ வார்ப்புக்கூடத்தில் பணியாற்றுவதையோ தாழ்வாக எண்ண வேண்டாம். மாத வருமானம் ஒன்று இருப்பவளுக்குத்தான், பொருந்தாத பணி வரும்போது முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் துணிவும் வரும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளை நாடாளுமன்றத் தெருவிலுள்ள ரிசர்வ் வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். வாயிலில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் செதுக்கிய யட்சனும் யட்சியும் நிற்கின்றனர். 1950களில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி 1967இல்தான் நிறைவேறியது. ஆடையற்ற யட்சியைக் குறித்து ஆட்சேபங்கள் எழுந்தன. ஆயினும் அவர் வடித்த வடிவிலேயே அவள் இன்றும் நிற்கிறாள். பார்த்துவிட்டு, மகள் வரைந்த கோட்டோவியங்களுடன் இருவரும் என்னிடம் வாருங்கள். நுழைவுத் தேர்வுக்கான தயாரிப்பை அன்றே தொடங்குவோம்.