சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்துவிட்டு எஃப்.ஐ.ஆர் பதியாமல் இழுத்தடித்தால் என்ன செய்யலாம்?

வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனம் இரவில் திருடு போனது, மறுநாளே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும் சி.எஸ்.ஆர் ரசீது மட்டுமே கிடைத்தது, மூன்று வாரமாகத் “தேடிக்கொண்டிருக்கிறோம்” என்ற பதிலே வருகிறது, காப்பீட்டு நிறுவனமோ எஃப்.ஐ.ஆர் இல்லாமல் இழப்பீட்டுக் கோரிக்கையைப் பரிசீலிக்க முடியாது என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கறிஞரை அமர்த்தாமல் என்ன செய்ய முடியும் என்பது உங்கள் கேள்வி. தமிழ்நாட்டில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் பெரும்பகுதியை நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப நடந்து வாய்மொழியாகக் கேட்பதால் எதுவும் நகராது. நீங்கள் கேட்டதும் அவர்கள் மறுத்ததும் தேதியோடு காகிதத்தில் இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும்.

முதலில் கையில் இருக்கும் ரசீது என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சி.எஸ்.ஆர் என்பது நம் மாநிலக் காவல் நிலையங்களில் மனுக்களைப் பதிந்துவைக்கும் சமுதாயப் பணிப் பதிவேடு. உங்கள் மனு இந்தத் தேதியில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த ரசீது சாட்சி. வழக்குப் பதிவானதாக அதற்குப் பொருள் இல்லை. ஒருவரைக் கைது செய்வது, ஒரு கொட்டகையைச் சோதனையிடுவது, வாகனத்தைக் கைப்பற்றி நீதிமன்றத்தில் ஒப்படைப்பது ஆகியவை எஃப்.ஐ.ஆர் எனப்படும் முதல் தகவல் அறிக்கையைத் தொடர்ந்து நடக்கும் புலன் விசாரணையின் வேலைகள். மனு விசாரணை என்ற நிலையில் காவலர் செய்யக்கூடியது இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவதுதான். திருடன் யாரென்றே தெரியாத ஒரு புகாரில் யாரைக் கூப்பிட்டுப் பேசுவது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. “நம்பர் போட்டாச்சு, போங்க” என்று ரைட்டர் சொன்னால், அது சி.எஸ்.ஆர் எண்ணா, எஃப்.ஐ.ஆருக்குரிய குற்ற எண்ணா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அதற்காக ரசீதை அலட்சியம் செய்துவிட வேண்டாம். நீங்கள் தாமதிக்கவில்லை என்பதற்கு அதுவே முதல் சான்று. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் அதன் எண்ணைக் கொடுத்து நிலையைப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பழைய 154ஆம் பிரிவு செய்த வேலையை இப்போது அதன் 173ஆம் பிரிவு செய்கிறது. பிடியாணை இல்லாமல் காவல்துறை கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் அதை எழுதிப் பதிந்தாக வேண்டும். எழுதியதைத் தகவல் தந்தவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் பெற வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். குற்றம் தங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம், அது பின்னர் உரிய நிலையத்துக்கு மாற்றப்படும். இதற்கெல்லாம் அடித்தளமாக 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு கொடுத்த தீர்ப்பு நிற்கிறது. தகவலிலிருந்தே அத்தகைய குற்றம் வெளிப்பட்டால் எஃப்.ஐ.ஆர் பதிவது கட்டாயம், அதில் காவலருக்கு விருப்ப அதிகாரம் இல்லை என்றது அந்த அமர்வு. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், காரணமின்றி மிகவும் தாமதமாக வரும் புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அதை முடித்து வழக்கு வேண்டாம் என்று தீர்மானித்தால், காரணத்தைச் சுருக்கமாக எழுதி ஒரு வாரத்துக்குள் புகார்தாரருக்கு நகல் கொடுக்க வேண்டும்.

புதிய சட்டத்தில் ஒரு வாசல் கூடுதலாக இருக்கிறது. உங்களிடம் அதைக் காட்டினாலும் காட்டுவார்கள். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது 173(3). சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்பதால் உங்கள் புகாரையும் இதற்குள் கொண்டுவந்து பேசலாம். ஆனால் அதற்குத் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், 14 நாட்களுக்குள் முடிக்கவும் வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் கடந்துவிட்டது. ஆகவே “இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்” என்ற பதிலுக்கு உங்கள் விஷயத்தில் சட்டப்படி இடம் இல்லை. இந்த ஒரு வரியை உங்கள் மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.

அந்த மனுவை இனி எப்படி எழுதுவது என்று பார்ப்போம். சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டியதில்லை; எந்தப் பிரிவில் வழக்குப் பதிவது என்பது காவல்துறையின் வேலை. வாகனத்தை எத்தனை மணிக்கு எங்கே நிறுத்தினீர்கள், இல்லை என்பதை எப்போது யார் கண்டார்கள், பதிவு எண், என்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம், உள்ளே இருந்த பொருட்கள், தெருவில் கேமரா இருந்தால் அது யார் வீட்டுக் கேமரா என்பவை இருந்தால் போதும். கேமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி உரிய பகுதியைத் தனியே சேமிக்கச் செய்வது மனு எழுதுவதைவிட அவசரமான காரியம். சந்தேகம் மட்டுமே இருக்கும் ஆளைத் திருடன் என்று உறுதியாக எழுதாதீர்கள். பொய்த் தகவல் தருவதும் தண்டனைக்குரிய குற்றம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருட்டுப் புகாரைத் “தொலைந்துவிட்டது” அல்லது “காணவில்லை” என்று மாற்றி எழுதித் தரும்படி சில நிலையங்களில் சொல்வார்கள். அப்படி எழுதினால் அந்தக் காகிதத்தில் குற்றமே இல்லாமல் போய்விடும், பிறகு எஃப்.ஐ.ஆர் கேட்க உங்களுக்கு வழியும் இருக்காது. திருடு போயிற்று என்பதைத் திருடு போயிற்று என்றே எழுதுங்கள்.

முந்தைய சி.எஸ்.ஆர் எண்ணைக் குறிப்பிட்டு இப்படி ஒரு மனுவை இரண்டு பிரதிகளில் எழுதிச் சென்று ஆய்வாளரிடம் கொடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் பெறுங்கள். முத்திரை போட மறுத்தால் வாதாட வேண்டாம். அதே மனுவை அன்றே தபாலில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆன விவரத்தின் அச்சுப் பிரதியையும் கோப்பில் சேருங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் 173(4) காட்டும் வழி காவல் கண்காணிப்பாளர். நிலையம் பதிய மறுத்ததைச் சொல்லி, புகாரின் சாரத்தை எழுத்தில், தபால் வழியாக அவருக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாநகரக் காவல் எல்லைக்குள் இருப்பவர் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். குறைதீர் நாளில் நேரில் மனு கொடுப்பதும் நல்லதுதான், பல சமயம் அதுவே வேலையை முடித்துவிடும். ஆனால் அதை நம்பித் தபாலை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் நடுவர் நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி கண்காணிப்பாளருக்கு அனுப்பியதற்கான சான்று எங்கே என்பதுதான். என்னிடம் வருபவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு வந்து நிற்பார்கள். அவர்களைத் தபால் நிலையத்துக்குத்தான் திருப்பி அனுப்புவேன்.

அடுத்தது நடுவர் நீதிமன்றம். பிரிவு 175(3)இன் கீழ், உங்கள் காவல் நிலைய எல்லைக்குரிய நீதித்துறை நடுவரிடம் மனு தாக்கல் செய்து, வழக்குப் பதிந்து விசாரிக்க உத்தரவிடும்படி கேட்கலாம். மனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம். 2015இல் பிரியங்கா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய இந்த நிபந்தனையைப் புதிய சட்டம் தன் வாசகத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது; காவல்துறையின் விளக்கத்தை நடுவர் கேட்க வேண்டும் என்பதும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது நிபந்தனையால் காலதாமதம் கூடும் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நீதிமன்றத்திலிருந்து விளக்கம் கேட்டு அறிவிப்பு போன உடனேயே எஃப்.ஐ.ஆர் பதிவாகிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். மூன்று தேதிகளும் மூன்று ரசீதுகளும் வரிசையாக இருக்கும் கோப்புக்கு எதிராக விளக்கம் எழுதுவது எந்த ஆய்வாளருக்கும் சுலபமல்ல. இந்த மனுவை நீங்களே நேரில் தாக்கல் செய்து வாதிடத் தடை இல்லை என்றாலும், பிரமாணப் பத்திரத்தின் வடிவம் முதலிய சிறு குறைகளுக்காகத் திருப்பித் தரப்படுவதைத் தவிர்க்க ஒருவர் துணை இருப்பது நல்லது. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இந்தப் பதிலை வேறு பிரச்சினைகளோடு படிப்பவர்களுக்காகச் சில வார்த்தைகள். பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றம், அமில வீச்சு போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் புகாரைப் பதியத் தவறும் அரசு ஊழியருக்கே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்ந்த 18ஏ பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர் பதிய முதற்கட்ட விசாரணை தேவையே இல்லை. இணையவழிப் பண மோசடி என்றால் நிலையத்துக்கு நடப்பதற்கு முன்பே 1930க்கு அழைத்துவிடுங்கள், பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கும். மறுபக்கத்தில், காவல்துறை மறுப்பதே சரியாக இருக்கும் விஷயங்களும் உண்டு. கைமாற்றாகக் கொடுத்த கடன் திரும்பவில்லை, வரப்பு நகர்ந்துவிட்டது, வாடகை பாக்கி என்பவை பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரியவை. அவற்றுக்காக நிலையத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பது கட்டப் பஞ்சாயத்து. இன்று உங்களுக்குச் சாதகமாகப் பேசும் அதே நாற்காலி நாளை எதிர்த்தரப்புக்காகவும் பேசும்.

எஃப்.ஐ.ஆர் கிடைத்த பிறகு உங்களுக்கு மிச்சம் இருப்பது காப்பீடு. திருட்டைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இதுவரை எழுத்தில் சொல்லவில்லை என்றால், எஃப்.ஐ.ஆருக்குக் காத்திராமல் சி.எஸ்.ஆர் நகலோடு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தாமதமாகச் சொன்னீர்கள் என்று பிறகு மறுத்தால், 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னதை எடுத்துக்காட்டலாம்: திருட்டு நடந்த உடனேயே காவல்துறையில் முறையிட்டு வழக்குப் பதிவாகியிருக்க, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டுமே காரணமாக்கி உண்மையான கோரிக்கையை நிராகரிக்க முடியாது. உங்கள் எஃப்.ஐ.ஆரின் தேதி தள்ளிப் போயிருக்கும் என்பதால், மறுநாளே புகார் கொடுத்ததைக் காட்டும் அந்த சி.எஸ்.ஆர் ரசீது இங்கே மறுபடியும் உதவும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து, அந்தப் பதிவு எண்ணில் பெயர் மாற்றம் எதையும் அனுமதிக்க வேண்டாம் என்று கேளுங்கள். வாகனம் கிடைக்காமலே போனால், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறைச் சான்றை நிறுவனம் கேட்கும். அது தானாக உங்கள் வீடு தேடி வராது. புலன் விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 193 சொல்வதால், குற்ற எண் கிடைத்த நாளிலிருந்து எண்ணி, 90ஆம் நாள் கடந்ததும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே சான்றுக்கு விண்ணப்பம் கொடுங்கள், அதற்கும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாகனத்தின் இரண்டு சாவிகளையும் பதிவுச் சான்றையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாவது சாவி எங்கே என்று நிறுவனம் கட்டாயம் கேட்கும்.