மார்கழி, தை மாதங்களில் உப்பங்கழி மீன்பிடிப்பு: வட ஆற்காட்டு நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் கடல் கிடையாது. பாலாறும் பெரும்பாலான நாட்களில் வெறும் மணல்தான். ஆனாலும் காவேரிப்பாக்கம் ஏரியிலும் மோர்தானா அணையிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். மழை விட்டு மார்கழி பிறந்ததும் அவர்களுக்குக் கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் கடலோர உப்பங்கழியின் நினைவு வந்துவிடுகிறது. என் அம்மா பிறந்த ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் காட்பாடியில் ரயிலேறிப் போய், மாமாக்களின் பின்னால் முழங்கால் தண்ணீரில் நடந்து கற்றுக்கொண்டவன் நான். இந்தக் குளிர்காலத்துக்கு வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: மழைக்குப் பிறகு உப்பங்கழியில் மீனே இருக்காது என்கிறார் ஒரு நண்பர். அப்போதுதான் அள்ளலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். அவர்கள் போன மாதமும் நின்ற இடமும் வேறாக இருந்திருக்கும். பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. பரப்பு அவ்வளவு பெரிது, ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கியும் வெள்ளத்தை இதற்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆழமில்லாத தண்ணீர் என்பதால் உப்பு விரைவில் குறைந்துவிடும், நிறமும் செம்மண் குழம்பாகிவிடும். உப்பு விரும்பும் மீன்கள் ஏரியின் உட்பகுதியை விட்டு முகத்துவாரத்தை நோக்கி நகர்கின்றன. வளர்ந்த மடவை மீன்களுக்கு இது முட்டையிடக் கடலுக்குப் போகும் காலமும்கூட. அந்த நாட்களில் ஏரியின் உள்ளே நின்று தூண்டில் போட்டவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். முகத்துவாரத்துக்கு அருகில் நின்றவர் கூடை நிறையக் கொண்டுவந்திருப்பார்.

அதே வெள்ளம் இன்னொரு வேலையையும் செய்கிறது. கோடையில் மணல் மூடிக் குறுகிப்போன முகத்துவாரத்தை உடைத்து அகலப்படுத்துகிறது. மழை ஓய்ந்த பிறகு கடல் மட்டம் உயரும் ஒவ்வொரு ஏற்றத்திலும் கடல்நீர் உள்ளே வருகிறது, தண்ணீர் மெல்லத் தெளிகிறது. உப்பு முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி நகரும்போது மீனும் அதன் பின்னாலேயே வரும். அதனால் மார்கழியில் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளிலும், தையில் சற்று உள்ளேயும், மாசியில் இன்னும் உள்ளேயும் தேடுங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே உப்பு தெரியும். என் பெரிய மாமா வலையைத் தொடுவதற்கு முன் அதைத்தான் செய்வார்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, விடியற்காலை நான்கு மணிக்கே தூண்டிலோடு கரையில் நிற்க வேண்டுமா?

குளிர்காலத்தில் வேண்டாம் தம்பி. ஆழமில்லாத தண்ணீர் இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும், பகலில் அதே வேகத்தில் சூடேறும். விடியலில் ஆழம் குறைந்த மேட்டுப் பகுதியில் மீன் இருக்காது. ஓடைகளின் ஆழத்தில் அசையாமல் கிடக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, கறுப்புச் சேற்றுத் தரை சூடானதும் இறால் குஞ்சுகள் அசையத் தொடங்கும். அவற்றைத் தேடி மீன் மேலே வரும். வெளிர் மணல் தரையைவிடக் கறுப்புச் சேறு முதலில் சூடேறுவதை வெறுங்காலோடு நடந்தால் உணரலாம். வாடைக்காற்று பலமாக வீசும் நாளில் காற்று மறைவான கரையாகப் பார்த்து நில்லுங்கள். காலை முதல் ரயிலைப் பிடித்து வந்தாலே போதும்.

வேலூர், சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்: ஏற்றம், வற்றம் என்கிறார்களே, ஏரி மீன் பிடித்தே பழகிய நாங்கள் அதை எப்படிக் கணக்கிடுவது?

நம் ஊர் ஏரியில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும், கழியில் நிற்காது. நம் கரையோரக் கடலில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி. இன்று பத்து மணிக்கு முழு ஏற்றம் என்றால் நாளை சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்து ஓரிரு நாளில் நீர் அதிகம் ஏறி, அதிகம் இறங்கும். அட்டமியை ஒட்டி ஓட்டம் மந்தமாகிவிடும். வீட்டில் தொங்கும் தினசரி நாள்காட்டியே இதற்குப் போதும்.

இந்தக் கணக்கு கடலுக்கு உரியது. கழிக்குள் தண்ணீர் குறுகலான வாய் வழியாக நுழைய வேண்டியிருப்பதால் ஏற்றம் தாமதமாக வரும், அளவும் குறையும். முகத்துவாரத்திலிருந்து தூரம் போகப் போகத் தாமதமும் கூடும். அதனால் நான் கரையில் இறங்கியதும் ஒரு குச்சியை நீர் விளிம்பில் நட்டுவிடுவேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். தண்ணீர் ஏறத் தொடங்கும்போது கிழங்கான் மீனும் மடவையும் மேட்டுக்கு வரும். இறங்கும்போது சின்ன ஓடைகள் பெரிய ஓடையில் சேரும் இடத்தில் கொடுவா மீன் காத்திருக்கும், மேட்டிலிருந்து இறங்கும் இறாலும் குஞ்சு மீனும் அதன் வாய்க்கு நேரே வருவதால். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆற்காட்டிலிருந்து ஒருவர்: பாலாற்றங்கரையில் தோண்டிய மண்புழுவை இரையாகக் கொண்டு வரலாமா?

கொண்டு வந்து பயனில்லை. உப்புநீரில் மண்புழு சீக்கிரமே வெளுத்துத் துவண்டுவிடும். கரையிலேயே இறால் வாங்கி ஓட்டை உரித்து, விரல் நுனி அளவு துண்டுகளாகப் போடுங்கள். கிழங்கானுக்கு அதுவே போதும். கொடுவாவுக்கு உயிருள்ள இறால் வேண்டும். தலையில் உள்ள கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் தூண்டில் முள்ளைக் குத்தினால் இறால் நெடுநேரம் உயிரோடு துள்ளும். மடவை பாசியையும் சேற்றின் சத்தையும் மேயும் மீன், தூண்டிலுக்கு எளிதில் வராது. பிசைந்த மைதா உருண்டையும் மிகச் சிறிய முள்ளும் வைத்து முயன்று பார்க்கலாம். பொறுமை வேண்டும்.

ஆம்பூரிலிருந்து ஒருவர்: விரால் பிடிக்கும் தூண்டில் போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

அந்தத் தூண்டிலே போதும். ஈயக் குண்டின் எடையை மட்டும் குறையுங்கள். முழங்கால் ஆழத்தில் கனமான குண்டு விழும் ஓசைக்கே மீன் கலைந்துவிடும். கிழங்கானுக்கு ஐந்து முதல் பத்து கிராம் போதும். கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கத்திபோல இருப்பதால் முள்ளுக்கு மேலே அரை மீட்டருக்குத் தடித்த நைலான் இழை கட்டுங்கள். கையில் எடுக்கும்போதும் செவுளுக்குள் விரல் விடாதீர்கள், என் இடது கைச் சுட்டுவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

அரக்கோணத்திலிருந்து ஒருவர்: நாங்கள் ஆறு பேர். சின்னக் கண்ணி வீச்சு வலை ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். பழவேற்காட்டில் படகும் வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம்.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வலை. உப்பங்கழி கடலின் தொட்டில். கடலில் பிறந்த இறால், கண்ணுக்கு எளிதில் தெரியாத குஞ்சாக முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, சேற்றிலும் கடற்புல்லிலும் வளர்ந்து, பிறகுதான் கடலுக்குத் திரும்புகிறது. மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் அப்படியே. சின்னக் கண்ணி வலையை ஒருமுறை வீசினால் விரல்கடை அளவுக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வரும். அவை உங்கள் குழம்புக்கும் உதவாது, கடலுக்கும் திரும்பாது. அந்த வலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கொடுவாவைப் பற்றி இன்னொன்று. அது ஆணாகப் பிறந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பிறகே பெண்ணாக மாறும் மீன். சிறியதைக் கொன்றால் நாளைய தாய் இல்லை, மிகப் பெரியதைக் கொன்றால் இன்றைய தாய் இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு, நடுத்தரமாக ஒன்று கிடைத்தால் மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு கொடுவா தாராளம்.

அடுத்தது இடம். அந்த ஏரியைக் கேட்பாரற்ற நீர் என்று எண்ணாதீர்கள். பழவேற்காட்டு மீனவ ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடு என்ற முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இறால் நன்றாகப் படும் இடம் ஒருவருக்கே நிலையாகப் போய்விடாமல் எல்லா வீட்டுக்கும் சுற்றி வருவதற்கான ஏற்பாடு அது. நம் பக்கத்தில் ஏரிப் பாசனத்துக்கு முறைத்தண்ணீர் விடுவதை நினைத்துப் பாருங்கள், உடனே புரியும். தண்ணீரில் நட்ட கம்புகளைப் பார்த்தால் அங்கே ஒருவருடைய அன்றைய கூலி கட்டப்பட்டிருக்கிறது என்று விலகிப் போங்கள். கரையில் வலை பழுது பார்க்கும் பெரியவரிடம், இங்கே தூண்டில் போடலாமா ஐயா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்டவனை அவர்கள் துரத்தி நான் பார்த்ததில்லை. பல சமயம் நல்ல இடத்தையும் காட்டிவிடுவார்கள். ஏரி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால் எந்தக் கரையில் அனுமதி உண்டு என்று வனத்துறையினரிடமும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படகு வேண்டவே வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏரியில் முழங்கால் ஆழத்தைப் பார்த்துப் பழகிய கண், முகத்துவாரத்தின் இழுப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிடும். வெள்ளம் வடியும் நாட்களில் வற்றமும் சேர்ந்துகொண்டால் நன்றாக நீந்துபவரையும் அது கடலுக்குள் இழுத்துவிடும். கரையில் நின்று பிடியுங்கள், முகத்துவாரத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

திருப்பத்தூரிலிருந்து ஒரு ஆசிரியை: தண்ணீரில் நடக்கும்போது கடிக்கும், கொட்டும் உயிர்கள் உண்டா?

உண்டு அம்மா. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வால் முள்ளால் குத்திவிடும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். கெளிற்று மீனின் முதுகிலும் பக்கத்திலும் உள்ள முட்களும் ஒரா மீனின் முட்களும் நஞ்சுள்ளவை. குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை ஒரு மணி நேரமாவது மூழ்க வைத்தால் வலி தணியும். பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள், உள்ளே முள் ஒடிந்து தங்கியிருக்கக்கூடும். பழைய ரப்பர் செருப்பு போதாது. சிப்பி ஓடு கிழிக்கும். குதிகால் மூடிய காலணி அணியுங்கள்.

அவரே: பூநாரைகள் மீனையெல்லாம் தின்றுவிடுகின்றன என்கிறார்களே?

பூநாரை தலைகீழாக அலகை வைத்து நீரை வடிகட்டி, சிற்றுயிர்களையும் பாசியையும்தான் பெரும்பாலும் உண்கிறது. மீன் தின்பது கூழைக்கடாவும் ஆலாவும். பறவைகளைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லலாம். பூநாரை நிற்கும் இடத்தில் தண்ணீர் பெரும்பாலும் நம் முழங்காலைத் தாண்டாது. ஆலாக்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது. தூரத்திலிருந்து பாருங்கள், படம் எடுப்பதற்காக நெருங்கி விரட்டாதீர்கள். நெடுந்தொலைவு பறந்து வந்தவை இரை தேடும் நேரம் அது.

வேலூரிலிருந்து ஒருவர்: பழவேற்காடு தவிர வேறு இடம்? எண்ணூர் பக்கம் என்கிறார்களே?

எண்ணூர்க் கழியில் நான் பிடிப்பதும் இல்லை, அங்கே பிடித்ததை உண்பதும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்காக அங்கே சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பரவியது. அந்தக் கழியை நம்பிப் பிழைக்கும் மக்களை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. முட்டுக்காட்டிலும் மரக்காணத்திலும் இதே தண்ணீர்க் கணக்குதான். ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாக மரக்காணம் போய்விடலாம். ஆனால் அதை ஒட்டிய கழுவேலி 2021இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, அதன் எல்லைக்குள் போகாதீர்கள். பழவேற்காட்டுக்கு என்றால் காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் பொன்னேரி, பிறகு பஸ்.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு அம்மா: என் மகன் கொண்டுவந்த மடவையில் சேற்று வாடை. குழம்பை யாரும் தொடவில்லை.

மீன் மேல் குறையில்லை அம்மா, சுத்தம் செய்வதில்தான் விஷயம். மடவை சேற்றோடு சேர்த்து விழுங்கும். கோழியின் இரைப்பைபோலக் கெட்டியான ஒரு குடல் உறுப்பு அதற்கு உண்டு. பிடித்த இடத்திலேயே வயிற்றைக் கீறி அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். வயிற்றின் உட்சுவரில் கறுப்பாக ஒட்டியிருக்கும் சவ்வைக் கல் உப்பு போட்டுத் தேய்த்தால் உரிந்து வரும். அது இருக்கும்வரை வாடை போகாது. கரையிலிருந்து நம் ஊருக்கு நான்கைந்து மணி நேரப் பயணம் என்பதால் மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் போட்டு, தெர்மோகோல் பெட்டியில் கொண்டுவர வேண்டும். உருகிய தண்ணீரில் மீன் ஊறக் கூடாது, பெட்டியின் அடியில் ஒரு துளை இருக்கட்டும்.

அப்படியும் மடவை மிஞ்சினால் கீறி உப்பிட்டுத் தை வெயிலில் காயவையுங்கள். இலவம்பாடி முள் கத்தரிக்காயை நான்காகப் பிளந்து, அந்தக் கருவாட்டோடு புளிக்குழம்பு வைப்பார் என் அம்மா. கருவாட்டில் உப்பு இருப்பதால் குழம்பு கொதித்த பிறகு ருசி பார்த்தே உப்புப் போட வேண்டும்.